படகின் கூரைக் காற்றுக்குழாயையும் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஏப்ரல் 15-இல் தொடங்கிய மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 14 வரை இருப்பதால், நாகை, அக்கரைப்பேட்டை பக்கம் விசைப்படகுகளில் மராமத்து வேலை மும்முரமாக நடக்கிறது. இன்ஜின், சுக்கான், வின்ச் என்று லட்சக்கணக்கில் செலவழிக்கிற உரிமையாளர்கள், ஆட்கள் படுக்கிற கேபினின் கூரையில் இருக்கும் காற்றுக்குழாயை மட்டும் ஏறிப் பார்ப்பதில்லை. படகு வெல்டிங்கே என் தொழில் என்பதால் இதை எழுதுகிறேன்.

போன வாரம் ஒரு படகில் அந்தக் குழாயின் குடைமூடியைக் கழற்றினேன். உள்ளே சாக்கைத் திணித்துக் கயிற்றால் கட்டியிருந்தார்கள். ஐப்பசி மழையில் தண்ணீர் ஒழுகியதாம், அடைத்தார்களாம். மழை ஓய்ந்த பிறகும் யாரும் எடுக்கவில்லை. சாக்குக்குக் கீழே இருந்த கொசுவலையில் உப்பும் அடுப்புக் கரியும் ஏறி, ஊசி நுழையக்கூட இடமில்லை. அதற்கு நேர் கீழே கேஸ் அடுப்பு, அதை ஒட்டி ஆட்களின் பாய்கள்.

மூடிய கேபினில் அடுப்பு எரிந்தால் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு சேரும். அதற்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. தலைவலி, குமட்டல், வாந்தி என்று ஆரம்பிப்பதால், புதிதாக வந்த பையனுக்குக் கடல் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து உள்ளேயே படுக்க வைத்துவிடுவார்கள். வெளிக்காற்றுக்கு வந்ததும் தலைவலி குறைந்தால், அடுப்பைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். அடுப்புத் தீ நீலமாக இல்லாமல் மஞ்சளாக எரிந்தாலும் அப்படித்தான்.

கூரையில் ஒரு குழாய் வைத்தால் போதும் என்றும் நினைக்கக் கூடாது. சூடான காற்று மேலே வெளியேற வேண்டுமானால், கீழே புதுக் காற்று நுழைய வழி வேண்டும். சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் படகின் அடிப்பள்ளத்தில் போய்த் தேங்கும், மேலே ஏறாது. அதனால் சிலிண்டரைக் கேபினுக்கு வெளியே வைப்பதே நல்லது.

குழாய்க்கு எந்த உலோகம் என்று கேட்பவர்களுக்கு என் பதில், 316 என்ற தர எண் கொண்ட எவர்சில்வர். அதில் 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் என்ற உலோகம் இருக்கிறது, உப்புக் காற்றைத் தாங்குவது அதனால்தான். காந்தம் ஒட்டவில்லை என்றால் நல்ல எவர்சில்வர் என்று கடையில் சொல்வதை நம்ப வேண்டாம். மட்டமான 202 என்ற தரத்திலும் காந்தம் ஒட்டாது, ஆனால் கடலில் சீக்கிரமே துருப்பிடிக்கும். பில்லில் 316 என்று எழுதி வாங்குங்கள். பித்தளை பார்க்க அழகுதான். ஆனால் கடல்நீர் பட்டுப் பட்டு அதிலுள்ள துத்தநாகம் போய், செம்பு நிறமாகி, தட்டினால் உடையும். அலுமினியக் குழாயை எவர்சில்வர் திருகு போட்டு முடுக்கினால், திருகைச் சுற்றி அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிரும். இடையில் ரப்பர் வாசர் போடாமல் எதையும் முடுக்கக் கூடாது. இரும்புக் கூரையில் எவர்சில்வரைப் பற்றவைப்பதாக இருந்தால், சாதாரண வெல்டிங் ராடு வேண்டாம், 309எல் என்ற வகை ராடு போடச் சொல்லுங்கள்.

மழைத்தண்ணீர் ஒழுகுவதற்குக் காரணம் பெரும்பாலும் குழாயின் கழுத்து, அதாவது கூரைக்கு மேலே நிற்கிற பகுதி, குட்டையாக இருப்பதுதான். பெரிய கப்பல்களுக்கு, திறந்த தளத்தில் இந்தக் கழுத்து 900 மில்லிமீட்டர் உயரம் இருக்க வேண்டும் என்று 1966-ஆம் ஆண்டின் சர்வதேச ஒப்பந்தம் சொல்கிறது. நம் கேபின் கூரைக்கு அது கட்டாயமில்லை. ஆனால் தளத்தோடு தளமாக ஒட்டி வைத்தால் அலை ஏறாமல் என்ன செய்யும்? ஒரு சாண் உயரமாவது கழுத்து வைத்து, உள்ளிருந்தே திருகி மூடுகிற மூடி போட்டால், மழைக்குச் சாக்கு தேவைப்படாது. கொந்தளிப்பில் மூடலாம், அடுப்பை அணைத்துவிட்டு. அப்புறம் மறக்காமல் திறக்க வேண்டும்.

பராமரிப்புக்குப் பெரிய செலவில்லை. கரைக்கு வந்ததும் வலையை நல்ல தண்ணீர் ஊற்றி பல் துலக்குகிற பிரஷால் தேய்த்தால் போதும். மூடியின் மரையில் கொஞ்சம் கிரீஸ் தடவ வேண்டும். கொசுவலையைவிடக் கண் பெரிய எவர்சில்வர் வலையே நல்லது.

தடைக்காலத்தில் படகுகளை ஆய்வு செய்ய வரும் அதிகாரிகள், கேபினின் காற்று வழிகளையும் பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டுகிறேன். சமையல் நடக்கிற ஒவ்வொரு கேபினிலும் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று வைக்க, உரிமையாளர் சங்கங்கள் இந்த ஆண்டே ஏற்பாடு செய்யலாம். பெயிண்ட் வேலை தொடங்கும் முன்பே வலையைக் கழற்றி வைக்கச் சொல்லுங்கள். தூரிகையோடு ஏறுகிறவர்கள் குழாய்க்கும் வலைக்கும் சேர்த்தே பூசிவிடுகிறார்கள், பாதிக் கண்கள் அதிலேயே அடைந்துவிடுகின்றன.

இப்படிக்கு,
விசைப்படகு வெல்டர்,
நாகப்பட்டினம்.