கிழக்கு வயலைப் பற்றி உனக்கு மட்டும்

க்ளாத்தேன், ஜாவா, இந்தோனேசியா, நவம்பர் 2025

லே,

அஸ்ஸலாமு அலைக்கும். போன ஞாயிறு நீ போனில் கேட்டதற்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல விட்டால்தானே! "கிழக்கு வயல் விலைக்கு வருதாமே, வாங்கிடலாமா?" என்று நீ முடிப்பதற்குள் உன் அப்பா "வாங்கிடு" என்றுவிட்டார். உடனே உன் தங்கச்சி போனைப் பிடுங்கி, குட்டி போட்ட பூனையைக் காட்டத் தொடங்கினாள். பேச்சு அதோடு போயிற்று. வடக்குத் தெருப் பையனுக்கும் உன்னைப்போல் கொரியாவில் வேலை கிடைத்து அடுத்த வாரம் கிளம்புகிறான். அவன் கையில் கொடுத்துவிடத்தான் இதை எழுதுகிறேன். அப்பாவுக்குத் தெரியாது.

அந்த வயல் 1,700 சதுர மீட்டர். வயல்காரக் கிழவி போய்ச் சேர்ந்தபிறகு அவள் பிள்ளைகளுக்கு அது வேண்டாமாம். எல்லாரும் ஜகார்த்தா பக்கம் பெக்காசியில் வீடு கட்டி உட்கார்ந்துவிட்டார்கள். இத்தனை வருஷமாக நீங்கள்தானே விளைச்சலில் பாதியைப் பங்காகக் கொடுத்துப் பயிர் வைக்கிறீர்கள், முதலில் உங்களைக் கேட்கிறோம் என்று வந்து கேட்டார்கள். மரியாதையாகத்தான் கேட்டார்கள், அதைக் குறை சொல்ல முடியாது.

இப்போது கணக்கைக் கேள். அக்டோபர் அறுவடைக்குப் பத்து நாள் இருக்கும்போது நிற்கிற பயிரை அப்படியே விலை பேசும் தெபஸ் வியாபாரி வந்தார். வரப்பில் ஒரு நடை போனார். ஒரு கதிரை உருவி நாலு நெல்லைக் கடித்துப் பார்த்தார். நிற்கிற நெல் மொத்தத்துக்கும் 52 லட்சம் ரூபியா என்றார். அப்பா தலையாட்டிவிட்டார். மழை வந்தால் எங்கே காயவைப்பது, உரக்கடையில் பாக்கி வேறு இருக்கிறதே என்பது அவர் நியாயம். அறுத்த அன்று நான் வரப்பில் நின்று மூட்டைகளை எண்ணினேன். இருபது. மூட்டைக்கு ஐம்பது கிலோ என்றாலும் ஒரு டன். இந்த வருஷம் அரசாங்கம் நெல்லுக்குக் கிலோ 6,500 என்று வைத்திருக்கிறது. நீயே பெருக்கிப் பார். மெஷின் வாடகை, லாரி, சுமைக்கூலி எல்லாம் வியாபாரி தலையில்தான், சரி. இருந்தாலும் எனக்கு வயிறு எரிந்தது.

52-இல் பாதி கிழவி வீட்டுக்கு. மீதி 26-இல் டிராக்டருக்கு மூன்றரை, நடவுக்கு மூன்று, உரத்துக்கு ஒன்றரை, மருந்துக்கு இரண்டரை, விதைக்கும் களைக்கும் இரண்டரை. பதின்மூன்று லட்சம் போக நமக்கு நின்றது பதின்மூன்று லட்சம். நாலு மாத உழைப்பு. போன மாதம் மானிய யூரியாவைக் கிலோ 2,250-இலிருந்து 1,800-க்குக் குறைத்தார்கள், அது ஒன்றுதான் ஆறுதல். வயல் நம்முடையதே ஆனாலும் ஒரு போகத்துக்கு 39 லட்சம். மூன்று போகமும் தப்பாமல் விளைந்தால்கூட, ஒரு மாதம் நீ கையில் வாங்கும் சம்பளத்தில் பாதிதான் வருஷம் முழுக்க வரும். அதற்கு உன் மூன்று வருஷச் சேமிப்பைக் கேட்கிறார்கள்.

மூன்று போகம் தப்பாமல் விளையும் என்றும் சொல்ல முடியாது. இங்கே ஊற்றுத் தண்ணீர் வற்றுவதே இல்லை. அதனால் வருஷம் முழுக்க ஏதாவது ஒரு வயலில் நெல் நிற்கிறது. நெல்லை உறிஞ்சும் புகையான் பூச்சிக்கு ஒரு நாள்கூடப் பட்டினி கிடையாது. 2010-இல் மெராப்பி எரிமலை வெடித்து, நாற்றின் மேலெல்லாம் சாம்பல் படிந்ததே, நினைவிருக்கிறதா? உனக்குப் பன்னிரண்டு வயது, வாய்க்குத் துணி கட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போனாய். அதற்கு அடுத்த போகம் புகையான் விழுந்தது. பச்சையாக இருந்த வயல் ஒரு வாரத்தில் தீய்ந்த வைக்கோலாக நின்றது. அடுத்த போகமும் அதே கதி. அப்போது நாள்வட்டிக்காரன் பைக் சத்தம் கேட்டால் கொல்லைப்பக்கம் போய் நிற்பேன். உன்னிடம் கிணற்றடியில் வேலை என்று சொல்வேன்.

என் கூலி வருமானமும் குறைந்துவிட்டது. முன்பெல்லாம் அறுவடை என்றால் அரிவாளோடு போய் அறுத்து, அடித்து, கூலியாக நெல்லையே பங்கு வாங்கி வருவேன். நம் குதிரில் பாதி அப்படி வந்ததுதான். இப்போது மெஷின் இறங்கினால் கிழக்கு வயல் ஒரு மணி நேரம்கூடத் தாங்காது. அன்றைக்குப் பன்னிரண்டு பெண்கள் வரப்பில் நின்று வேடிக்கை பார்த்தோம். மெஷின் போனபின் இறங்கி, சிந்தின கதிர்களைப் பொறுக்கினோம். எனக்கு நாலு கிலோ தேறியது. நடவுக்கு மட்டும் இன்னும் கூப்பிடுகிறார்கள். எங்கள் நடவுக் கூட்டத்தில் நான்தான் வயதில் சின்னவள், பார்த்துக்கொள்! மற்ற எல்லாரும் அறுபது தாண்டியவர்கள். சின்னப் பெண்கள் விடிகாலையில் பொயோலாலி, சுக்கோஹர்ஜோ பக்கம் தையல் கம்பெனிக்குப் பைக்கில் பறக்கிறார்கள். யாரையும் குறை சொல்லவில்லை. அங்கே விசிறிக்கு அடியில் உட்கார்ந்து வேலை.

உன் பாட்டியின் ஆனி-ஆனி இன்னும் அடுப்படி மூங்கில் தட்டியில் செருகி இருக்கிறது. உள்ளங்கைக்குள் அடங்குகிற கத்தி. இரும்பைக் கண்டால் நெல் தெய்வம் தேவி ஸ்ரீ பயந்துவிடுவாள் என்று மறைத்துப் பிடித்து, பாட்டி ஒவ்வொரு கதிராக அறுப்பாள். அவள் காலத்து ரோஜோலேலே நெல் ஆள் மார்பு உயரம் நிற்குமாம், விளைய ஐந்தாறு மாதம் எடுக்குமாம். 2006 மே நிலநடுக்கத்தில் நம் அடுப்படிச் சுவர் விழுந்தபோது, பாட்டி முதலில் தேடியது அந்தக் கத்தியைத்தான். தெற்கே கந்திவார்னோ பக்கம் வீடு வீடாகச் சரிந்து கிடந்தது, இவள் செங்கல்லைப் புரட்டிக் கத்தி தேடினாள். எனக்கு அன்று வந்த கோபம் இருக்கிறதே!

அவளுக்காகத்தான் நான் இன்னும் அறுவடைக்கு முன் விவிதான் படையல் வைக்கிறேன். வயல் மூலையில் வாழை இலை, சோறு, முட்டை, கொஞ்சம் பூ. உஸ்தாதுக்கு அது பிடிக்காது. அவர் அந்தப் பக்கம் வராத நேரமாகப் பார்த்து வைத்துவிடுவேன்.

சரி, சொல்ல வந்ததற்கு வருகிறேன்.

லே, அந்தக் கிழக்கு வயல் ஒரு காலத்தில் நம்முடையது. உன் தாத்தாவுடையது. உன் அப்பா அதை உன்னிடம் சொன்னதில்லை, சொல்லக்கூடாது என்று என்னிடமும் வாக்கு வாங்கியிருந்தார். நீ பிறந்தது 1998 மே மாதம், ஜனாதிபதி சுஹார்த்தோ பதவி விலகிய அதே வாரம். கடையில் அரிசி விலை வாரத்துக்கு ஒன்றாக இருந்தது. எனக்கு இரண்டு நாள் வலி, குழந்தை வரவில்லை. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனால், ஆபரேஷன், முதலில் பணம் கட்டு என்றார்கள். தாத்தா அன்று இரவே போய்க் கிழவி வீட்டில் வயலை ஒத்திக்கு வைத்தார். பணத்தைத் திருப்பும் வரை விளைச்சல் அவர்களுக்கு. திருப்ப முடியவே இல்லை. ஐந்து வருஷம் கழித்து அவர்கள் பேருக்கே எழுதிக் கொடுத்தோம். தாத்தா அதற்குப் பிறகு கிழக்குப் பக்கம் நடந்ததில்லை. அப்பா அதே வயலுக்குப் பாதிப் பங்குக்குப் பயிர் வைப்பவராக இறங்கினார்.

இதைக் கேட்டு நீ பாரத்தைத் தலையில் ஏற்றிக்கொள்ளாதே. பிள்ளை பெற்றதற்கு ஆன செலவைப் பிள்ளையிடம் கேட்கிற வழக்கம் நம் வீட்டில் இல்லை. அப்பா ஏன் அத்தனை வேகமாக "வாங்கிடு" என்றார் என்பது தெரியாமல் நீ பணத்தை அனுப்பிவிடக் கூடாது, அவ்வளவுதான். எனக்கு என்ன தோன்றுகிறது என்று கேட்டால், கணக்குப் பார்த்தால் வாங்காதே என்பேன். இன்னும் ஒன்றரை வருஷத்தில் நீ திரும்பி வருவாய். கையில் பணம் இருந்தால் ஒரு பட்டறையோ கடையோ வைக்கலாம். ஆனால் நேற்று சாயங்காலம் வாய்க்காலில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். அப்பா கிழக்கு வயல் மடையைத் திறந்துவிட்டு, அங்கேயே வரப்பில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். நட்டு நாலு நாள் ஆன வயல், தண்ணீரைத் தவிர அதில் பார்க்க ஒன்றும் கிடையாது. மக்ரிப் பாங்கு சொன்ன பிறகுதான் எழுந்தார். அதையும் உன்னிடம் மறைக்க எனக்கு மனசு வரவில்லை.

மற்றபடி வீட்டில் எல்லாரும் சுகம். போன பெசார் மாதம், அதாவது ஹஜ் மாதம், ஒன்பது கல்யாணம் வந்தது. ஒவ்வொன்றுக்கும் 50,000 மொய், அதற்குமேல் இரண்டு நாள் வெங்காயம் உரிக்கப் போக வேண்டும். நோட்டில் எல்லாம் எழுதி வைத்திருக்கிறேன், உன் கல்யாணத்தில் திரும்பி வந்தாக வேண்டும். வீட்டுக்கு வீடு வாங்கும் ஜிம்பிதான் வசூலுக்கு இப்போது யாரும் அரிசி போடுவதில்லை, வாசலில் தொங்கும் டப்பாவில் 500 ரூபியா நாணயம்தான். டப்பாவைக் காலி செய்ய வரும் ரொண்டா என்ற இரவுக் காவல் ஆட்கள் தூங்கிவிட்டால், மறுநாள் வாட்ஸப்பில் படத்தோடு மானம் போகிறது. அப்பாவுக்கு இருமல் விடவில்லை, ஆனாலும் அவருடைய முறையை யாருக்கும் மாற்றிக் கொடுக்க மாட்டேன் என்கிறார்.

பையன் கையில் பெசெல் கடலைச் சம்பல் இரண்டு கட்டி, காய்ந்த தெம்பே வறுவல் ஒரு டப்பா கொடுத்திருக்கிறேன். சம்பலை வெந்நீரில் கரைத்துக்கொள். காரம் குறைவுதான், போன தடவை நீ அலறியது நினைவிருக்கிறது.

பதிலை ஞாயிற்றுக்கிழமை போனில் சொல்லாதே. புதன்கிழமை இரவு ஒன்பது மணிக்கு மேல் கூப்பிடு, உனக்கு அங்கே பதினொன்று. அன்றைக்கு அப்பாவுக்கு ரொண்டா. தங்கச்சியும் தூங்கியிருப்பாள்.

அம்மா