ஜான் ஆபிரகாமின் உழைப்பையும் எழுதுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

இயக்குநர் ஜான் ஆபிரகாமைப் பற்றி யார் எழுதினாலும் அவருடைய குடியும் நாடோடி வாழ்க்கையும்தான் முன்னால் வந்து நிற்கின்றன. வருத்தமாக இருக்கிறது. புனே திரைப்படக் கல்லூரியில் முறையாகப் படித்தவர் அவர். தேசிய விருது பெற்ற ‘அக்ரஹாரத்தில் கழுதை’யை 1977-இல் தமிழுக்குத் தந்தவர். அப்புறம் ஒடேசா என்ற குழுவோடு, தயாரிப்பாளரே இல்லாமல், கேரளத்தில் ஊர் ஊராகப் போய்ப் படங்கள் திரையிட்டு மக்களிடமே பணம் திரட்டினார். அப்படி அவர் எழுதி இயக்கியதுதான் 1986-இல் வந்த ‘அம்ம அறியான்’. இணையத்தில் நிதி திரட்டும் வசதியெல்லாம் இல்லாத காலம் அது! அடுத்த ஆண்டே, 49 வயதில், இறந்துபோனார்.

அந்தக் குழு எப்படி இயங்கியது என்று உங்கள் சினிமா பக்கத்தில் விரிவாக எழுதுங்கள். சொந்தமாகப் படமெடுக்கத் துடிக்கும் இளைஞர்களுக்கு அதுதான் தேவை.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்