பத்து ரூபாய் நாணயம் குறித்து மூன்றாவது மனு

அனுப்புநர்:
இட்லிக் கடை நடத்துபவர்,
பேருந்து நிலைய வெளிவாசல், தண்ணீர்த் தொட்டி அருகில்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்.

பொருள்: பத்து ரூபாய் நாணயங்களைக் கடைகளும் வங்கியும் வாங்க உத்தரவிட வேண்டுதல் தொடர்பாக.

பார்வை: ஆடியிலும் ஐப்பசியிலும் திங்கட்கிழமை குறைதீர் நாளில் நான் கொடுத்த மனுக்கள்.

மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம்.

தாங்கள் அறியாத இடம் இல்லை. தங்கள் வண்டி திரும்பும் ரவுண்டானாவில் இருந்து பார்த்தாலே என் தள்ளுவண்டி தெரியும். முதல் மனுவுக்குப் பதில் வரவில்லை. இரண்டாவதற்கு, முன்னோடி வங்கி மேலாளருக்கு அனுப்பியிருப்பதாக ஒரு குறுஞ்செய்தி வந்தது. அத்தோடு சரி. ஆகவே மீண்டும் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்:

1. சென்னைப் பேருந்தில் வந்து இறங்குபவர்கள் பத்து ரூபாய் நாணயம் கொடுக்கிறார்கள். நம்மூரில் அதை யாரும் வாங்குவதில்லை.

2. 2011-ஆம் ஆண்டு நாணயச் சட்டப்படி ஆயிரம் ரூபாய் வரை நாணயமாகக் கொடுத்தால் செல்லும். பத்துக் கோடு போட்டது, பதினைந்து கோடு போட்டது, ரூபாய்க் குறி இல்லாதது என்று இங்கே ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். பதினான்கு வடிவங்களும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியிலேயே அறிவித்துவிட்டது. ரூபாய்க் குறி பிறந்ததே 2010-இல்தான், அதற்கு முன் அடித்த காசில் அது எப்படி இருக்கும்? ரிசர்வ் வங்கி இதற்கு விளக்கம் சொல்லும் 14440 எண்ணை என் மகள் அழைத்து, மளிகைக்காரருக்கு ஸ்பீக்கரில் போட்டுக் காட்டினாள். முழுதும் கேட்டுவிட்டு, "ரிசர்வ் வங்கியா வந்து என்னிடம் அரிசி வாங்கப் போகிறது?" என்றார்.

3. மற்ற கடைக்காரர்கள் சாமானைக் கொடுக்கும் முன்பே நாணயம் வேண்டாம் என்று சொல்லிவிடலாம். என் தொழில் அப்படி இல்லை ஐயா. நாலு இட்லி தின்று, கை கழுவி, பஸ் ஹாரன் அடிக்கும் நேரத்தில் காசை நீட்டுகிறவரிடம் என்ன சொல்வது? தின்றதைத் திருப்பித் தரச் சொல்வதா? வாங்கிப் போட்டுக்கொள்கிறேன். வாங்கியது என்னோடு நின்றுவிடுகிறது. அரிசி மண்டி, பால்காரர், சிலிண்டர் போடுபவர், எவரும் தொடுவதில்லை. கோயில் உண்டியல் ஒன்றுதான் முகம் சுளிக்காமல் வாங்குகிறது.

இன்றைக்கு 764 நாணயங்கள் இருக்கின்றன. அதே மளிகைக்காரரின் தராசில் வைத்துப் பார்த்தேன், 5 கிலோ 890 கிராம். நிறுத்துக் கொடுத்தார், ஆனால் வாங்கவில்லை. சாயங்காலம் தண்டல்காரர் வருகிறார். தினம் இருநூறு ரூபாய் கட்ட வேண்டும். இருபது நாணயத்தை எண்ணி வைத்தால் கையை எடுத்துக்கொள்கிறார். நோட்டு இல்லாத நாளில் பக்கத்து பூக்காரம்மாவிடம் கைமாற்று வாங்கிக் கட்டுகிறேன். வீட்டில் ஏழாயிரத்து அறுநூற்று நாற்பது ரூபாய் வைத்துக்கொண்டு இருநூறுக்குக் கை நீட்டுகிறேன் ஐயா! போன வாரம் பேரனுக்கு ராத்திரி காய்ச்சல். மருந்துக் கடையில் ஏழு நாணயத்தை எண்ணி வைத்தேன். "நோட்டு இருந்தால் கொடும்மா" என்று மாத்திரையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

4. வங்கிக்குப் போனேன். நூறு நூறாகப் பாக்கெட் போட்டு வரச் சொன்னார்கள். போட்டேன், ஏழு பாக்கெட்டும் சில்லறையாக 64-ம். அடுத்த முறை கேஷியர் லீவு. அதற்கடுத்த முறை பெட்டகத்தில் இடமில்லையாம். எந்தக் கிளையும் நாணயத்தை மறுக்கக் கூடாது என்று அவர்களுக்கே உத்தரவு இருக்கிறது.

5. துக்ளக் அடித்த செம்பு, பித்தளைக் காசையும் சனங்கள் மறுத்தார்கள், நாடு முழுக்கப் போலி பெருகியதால். கடைசியில் அந்தச் சுல்தானே கஜானாவைத் திறந்து எல்லாவற்றையும் திரும்ப வாங்கிக்கொண்டார் என்று மகள் பாடப் புத்தகத்தில் படித்துச் சொன்னாள். என்னிடம் இருப்பது போலி இல்லை, அரசாங்கம் அடித்தது. துக்ளக் செய்ததையாவது செய்யக் கூடாதா?

கோபத்தில் எழுதிவிட்டேன், மன்னிக்க வேண்டும். பேருந்து நிலையத்தில் ஒரே ஒரு நாள் நாணய மாற்று முகாம் நடத்துங்கள். வாங்க மறுக்கும் கடைகளுக்கும் அந்தக் கிளைக்கும் எழுத்தில் உத்தரவு போடுங்கள். தயவுசெய்து இந்த மனுவையும் வேறு யாருக்கும் அனுப்பிவிட வேண்டாம்.

வரும் திங்கட்கிழமை நாணயங்களைத் தூக்குவாளியில் எடுத்து வருகிறேன். வாசலில் போலீசார் வாளியைத் திறக்கச் சொல்வார்கள். உள்ளே மண்ணெண்ணெய் இல்லை, காசுதான் என்று அவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
இட்லிக் கடைக்காரி