சேமிக்கும் பொத்தானைக் காணோம்: லினக்ஸ் செயலி எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

கட்டற்ற மென்பொருள் எழுதும் நண்பர்களுக்கு,

வணக்கம். நான் லினக்ஸில் ஓடும் பைன்போன் என்ற கைபேசியை வைத்திருப்பவன். நிரல் எழுதத் தெரியாது. நீங்கள் எழுதியதை நிறுவிப் பார்க்கத் தெரியும்.

இந்த போனை வாங்கியவர்களிடம் கேட்டால் ஒருவர், "பாக்கெட்டுக்குள் ஒரு முழுக் கணினி" என்பார். இன்னொருவர், "அழைப்பு வந்தால் ஒழுங்காக எடுக்க முடிகிறதா, முதலில் அதைப் பார்" என்பார். இரண்டும் சரிதான். 2020 ஜனவரியில் முதல் போன்கள் போய்ச் சேர்ந்தபோதே, இது ஆர்வலர்களுக்கானது என்று சொல்லித்தான் விற்றார்கள். அப்போது 2 ஜிபி ராம் மாடல் சுமார் 150 டாலர். பின்மூடியைக் கழற்றினால் மோடம், வைஃபை, மைக், கேமரா என்று தனித்தனியே அணைக்கச் சின்னஞ்சிறு சுவிட்சுகள். மெமரி கார்டில் வேறொரு டிஸ்ட்ரோவை, அதாவது லினக்ஸின் வேறொரு வடிவத்தை, ஏற்றிச் செருகினால் போன் அதிலிருந்தே கிளம்பும். இதற்காகத்தானே வாங்கினேன், அப்புறம் மெதுவாக இருக்கிறது என்று முணுமுணுக்க எனக்கு வாயில்லை.

செயலிக்கும் பஞ்சமில்லை. என் போனில் ஓடும் மோபியன், டெபியன் என்ற பழைய லினக்ஸ் டிஸ்ட்ரோவின் வழி வந்தது. டெபியன் களஞ்சியத்தில் இருப்பதில் பெரும்பகுதி ஒரே கட்டளையில் இறங்கிவிடும். போதாததற்கு ஃப்ளாட்ஹப் என்ற இணையச் செயலிக் கடை. ஆனால் இதில் எது இந்தத் திரைக்குள் அடங்கும்? நிறுவித் திறந்து பார்க்கும்வரை தெரிவதில்லை.

போன மாதம் வீட்டுக் கணக்கு எழுத ஒரு செயலி இறக்கினேன். பெயர் வேண்டாம். ஃப்ளாட்ஹப்பில் கிடைக்கும் ஃப்ளாட்பேக் வடிவம் என்பதால் அது ஓடத் தேவையான ரன்டைம் கோப்புகளும் சேர்ந்து நூற்றுக்கணக்கான எம்பி இறங்கியது. என் போனின் உள்நினைவகம் மொத்தமே 16 ஜிபி. சரி என்று திறந்து, பால் 60 ரூபாய் என்று தட்டினேன். சேமிக்கும் பொத்தானைக் காணோம். வலது ஓரத்தில் அதன் முதல் எழுத்து மட்டும் எட்டிப் பார்த்தது. போனைப் படுக்கவைத்தேன். பொத்தான் வந்தது, விசைப்பலகை மேலேறித் தொகை எழுதும் கட்டத்தை மூடிக்கொண்டது. போனின் திரை இடைமுகமான ஃபாஷில், செயலியைத் திரைக்கேற்பச் சுருக்கும் வசதி உண்டு. அதையும் போட்டேன், எழுத்தெல்லாம் எறும்பாகிவிட்டது. கடைசியில் பால் கணக்கு பழையபடி சுவர்க் காலண்டரில் ஏறியது.

எழுதியவரைக் குறை சொல்ல மாட்டேன். மேசைக் கணினிக்கென்று எழுதினால் அப்படித்தான் வரும். இறக்கும் முன்பே அதை எனக்குச் சொல்லியிருக்கலாமே என்பதுதான் ஆதங்கம். சொல்ல இடமும் இருக்கிறது. செயலியைப் பற்றிய விவரங்களைத் தாங்கி அதோடு போகும் ஆப்ஸ்ட்ரீம் கோப்பில், குறைந்தது எவ்வளவு அகலத் திரை வேண்டும், தொடுதிரையில் இயங்குமா என்று குறிக்க வழி செய்திருக்கிறார்கள். செயலிகளைத் தேடி நிறுவ உதவும் ஜினோம் சாஃப்ட்வேர், தன் 41ஆம் பதிப்பிலிருந்து அதைப் படித்துச் செயலியின் பக்கத்திலேயே காட்டுகிறது. நாலைந்து வரி வேலை. பலர் அதைத் தொடுவதே இல்லை. தொட்டவர்களிலும் சிலர் பார்க்காமலே எழுதிவிடுகிறார்களோ என்று சந்தேகம்: மொபைலுக்கு ஏற்றது என்ற அடையாளத்தோடு வந்த ஒரு செயலியில் முகப்பு அழகாக அடங்கியது, அமைப்புகள் ஜன்னல் மட்டும் திரையைத் தாண்டி நின்றது.

லினக்ஸுக்குள் ஆண்ட்ராய்டை இயக்கும் வேடிராய்டைப் போட்டு ஆண்ட்ராய்டு செயலிகளை ஓட்டலாமே என்பவர்கள் 2 ஜிபி ராமில் ஒருநாள் ஓட்டிப் பார்த்துவிட்டு வரட்டும், பேசலாம்.

எல்லாவற்றையும் போனுக்காக மாற்றி எழுதுங்கள் என்று கேட்கவில்லை. போனில் சரிவராது என்றால் அதையே எழுதுங்கள், கணினியில் போட்டுக்கொள்கிறேன்.

சோதிக்கக் கையில் இந்த போன் இல்லையே என்பீர்கள். தேவையே இல்லை. இதன் திரை 720க்கு 1440 பிக்சல். ஃபாஷ் அதை இரு மடங்காக்கிக் காட்டுவதால் செயலிக்குக் கிடைக்கும் அகலம் 360தான். உங்கள் கணினியில் ஜன்னலின் ஓரத்தைப் பிடித்து அந்த அளவுக்குக் குறுக்கிப் பாருங்கள். குறுக மறுத்தால், எங்கே நின்றதோ அந்த எண்ணை ஆப்ஸ்ட்ரீம் கோப்பில் எழுதிவிடுங்கள். அமைப்புகள் ஜன்னலையும் மறக்காமல் ஒருமுறை இழுத்துப் பாருங்கள்.

இப்படிக்கு,
காலண்டரில் பால் கணக்கு எழுதும் ஒரு பைன்போன்காரன்