பெட்டிக்கு 44

அன்புள்ள மகளுக்கு,

நீ அனுப்பிய புது வீட்டுப் படங்களைப் பார்த்தேன். பெர்லினில் அவ்வளவு பெரிய ஜன்னல் கிடைத்தது நல்ல விஷயம். திண்டில் பூனை, பக்கத்தில் புதினாத் தொட்டி. இரண்டு முறை பெரிதாக்கிப் பார்த்தேன். சரி, வீடு மாறினால் சில சாமான்கள் பிரிக்காமல் கிடக்கும்தான்.

பாட்டியின் பித்தளை ஹனுக்கியாவில், அந்த ஹனுக்கா விளக்குத் தண்டில், மூன்றாவது குழி ஆடும், மறந்துவிடாதே. மெழுகுவர்த்தியின் அடியை உருக்கி ஊன்று. இந்த வருடம் (2025) டிசம்பர் 14ஆம் தேதி ஞாயிறு மாலை, நம் யூதப் பண்டிகையான ஹனுக்காவின் எட்டு இரவில் முதல் இரவு. அடுக்குவது வலமிருந்து, ஏற்றுவது இடமிருந்து, அன்றைக்குக் கூட்டிய புதியதை முதலில். உனக்கா சொல்லித் தர வேண்டும்? ஐந்து வயதில் முதல் இரவின் மூன்று ஜெபங்களையும் புத்தகம் பார்க்காமல் சொன்னவள். ஹைஃபாவில் அத்தை இன்றும் அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அப்படிப்பட்டவள் போன வருடம் எட்டு நாளும் ஒரு போன் செய்யவில்லை.

வெள்ளிக்கிழமை மட்டும் கவனம். ஹனுக்கா விளக்கு முதலில், ஓய்வுநாளுக்கான சப்பாத் விளக்கு அப்புறம். சூரியன் மறையுமுன் ஏற்றுவதால், இருட்டிய பிறகும் அரை மணி நேரம் எரிகிற மாதிரி பெரிய மெழுகுவர்த்தியாக வாங்கு. அங்கே நாலு மணிக்குள் மறைந்துவிடுமே, வேலையிலிருந்து சீக்கிரம் கிளம்ப விடுவார்களா? அடியை உருக்கி ஊன்று. விரலைச் சுட்டுக்கொள்ளாதே.

தெருவில் போகிறவர்கள் பார்க்கத்தான் ஜன்னலில் வைக்கிறோம். ஆனால் ஆபத்துக் காலத்தில் மேசைமேல் வைத்தாலே போதும் என்று நம் சட்ட நூலான தல்மூதிலேயே இருக்கிறது. பயமாக இருந்தால் மேசையில் வை, திரையை இழுத்துவிடு. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பூனையை மட்டும் வேறு அறையில் விடு.

இதைச் சொல்ல எனக்கு வாய் இருக்கிறதா என்று நீ நினைக்கலாம். அம்மா தவறிய வருடம் நான் அந்த விளக்கை அலமாரியிலிருந்து எடுக்கவே இல்லை. உனக்கு 9 வயது. மற்றவற்றை ஏற்ற தினம் ஒன்றாக வைக்கும் ஷமாஷையும் சேர்த்து எட்டு இரவுக்கு 44 என்று எண்ணி வைத்த அந்தப் பெட்டியைக் கடையில் நீயே வாங்கி வந்தாய். பிஸ்கட் டப்பா மூடியில் ஒட்டி, சமையலறையில் ஏற்றினாய். தம்பி தரையில் உட்கார்ந்திருந்தான். முதல் மெழுகுவர்த்தி இரண்டு முறை சாய்ந்தது. உருகிய மெழுகு பட்டு நீ கையை உதறியதை வாசற்படியில் நின்று பார்த்தேன். பார்த்துவிட்டுப் படுக்கப் போய்விட்டேன். எட்டு இரவும் அப்படித்தான். சுட்டதா என்று ஒரு நாள்கூடக் கேட்கவில்லை.

அப்பா