சேகர் என்றே எழுதுகிறேன்

24.08.2025, ஞாயிறு
நிலக்கோட்டை

அன்புள்ள சேகர்,

பெயரைப் பார்த்ததும் வேறு யாருக்கோ வந்த கடிதம் என்று நினைத்திருப்பாய். 35 வருடமாக உன்னை எப்படிக் கூப்பிடுகிறேனோ அதைத்தான் முதலில் எழுதினேன். எழுதிய தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு இதைத் தொடங்கியிருக்கிறேன். காரணம் சொல்கிறேன், பொறு.

முதலில் வீட்டுக் கணக்கு. எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி. அதே தைலம், எனக்கு அதே திட்டு. மூத்தவள் திருச்சியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். தங்கப்பாண்டி ஒருவழியாக வீட்டைக் கட்டி முடித்துவிட்டான், கிரகப்பிரவேசத்திலும் வார்டன் கதையைத்தான் சொன்னான். ஏப்ரலில் நீ அவ்வளவு நீளமாக அனுப்பியதற்குக் கட்டைவிரல் ஒன்றை அனுப்பிவிட்டு நான்கு மாதம் வாயை மூடிக்கொண்டிருந்தது என் தப்பு. உதைப்பதென்றால் நேரில் வந்து உதை.

விஷயம் இதுதான். எங்கள் பள்ளி வராந்தாவில் 'மாணவர் மனசு' என்று ஒரு பெட்டி இருக்கிறது. பிள்ளைகள் மனதில் இருப்பதை எழுதிப் போடலாம், பெயர் எழுத வேண்டியதில்லை. பக்கத்துச் சுவரில் கல்வி உதவி எண் 14417, குழந்தைகள் உதவி எண் 1098 இரண்டையும் பெரிதாக எழுதி வைத்திருக்கிறோம். சாவி தலைமை ஆசிரியையிடம். திறக்கும்போது பாதுகாப்புக் குழுவும் கூட இருக்க வேண்டும்: இரண்டு ஆசிரியர்கள், பெற்றோர், அலுவலகத்திலிருந்து ஒருவர். அந்த இரண்டு ஆசிரியர்களில் அடியேனும் ஒருவன். சிரிக்காதே. 'பிள்ளைகளோடு கலகலப்பாகப் பழகுபவர்' என்றுதான் என்னைப் போட்டார்கள்.

உங்கள் சிபிஎஸ்இ அரண்மனையில் கவுன்சிலர் வேண்டும் என்று விதியே இருக்கிறது, அவருக்குத் தனி அறையும் இருக்கும். இங்கே கெமிஸ்ட்ரி எடுக்கிற நான்தான் கவுன்சிலர். கல்வித் துறையின் எமிஸ் தளத்தில் வருகைப் பதிவு போடுபவனும் நானே. 2012 வாக்கில் நடமாடும் உளவியல் ஆலோசனை வண்டி என்று விட்டார்களே, தமிழ்நாடு முழுவதற்கும் பத்து. அதில் ஒன்று ஒருமுறை எங்கள் பள்ளிக்கு வந்தது. 400 பிள்ளைகள், இரண்டு மணி நேரம். அந்த அம்மா கிளம்பும்போது ஆசிரியர்களிடம் சொன்ன ஒன்று மட்டும் மறக்கவில்லை: "ஒரு பிள்ளை உங்களிடம் பேச வந்தால், கையில் இருக்கும் விடைத்தாளைக் கீழே வையுங்கள் சார்." நான் அப்போது விடைத்தாளைத் திருத்திக்கொண்டேதான் அதைக் கேட்டேன்.

ஜூலையில் பெட்டியைத் திறந்தோம். பதினொரு சீட்டு. பெண்கள் கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் இல்லை. விளையாட்டுப் பீரியடைக் கணக்கு சார் எடுத்துக்கொள்கிறார் (உன் இனம்தான், எங்கே போனாலும் திருந்த மாட்டீர்கள்). ஒரு சீட்டில் அம்பு விட்ட இதயம் மட்டும். பத்தாவதாகப் பிரித்ததைத் தலைமை ஆசிரியை படித்துவிட்டு, சத்தம் போட்டு வாசிக்காமல் மடித்து என் பக்கம் நகர்த்தினார்.

"கெமிஸ்ட்ரி சார் எனக்கு வெச்ச பேரை எடுக்கச் சொல்லுங்க."

அவ்வளவுதான். ஒரே வரி.

கையெழுத்தை அடையாளம் பார்க்கக் கூடாது என்பது குழுவின் முதல் விதி. நானே மற்றவர்களுக்குச் சொன்ன விதி. ஆனால் ஒரு வருடமாக அவன் தாளைத் திருத்துகிறவனுக்கு அந்த 'க்ஷ' போட்ட மாதிரியான 'ச்ச' தெரியாமல் போகுமா?

பிளஸ் டூ பையன். கடைசி பெஞ்சு. இரண்டாவது பீரியடில் தலை சாய்ந்துவிடும். போன வருடம் ஒருநாள், "கும்பகர்ணா, போர் ஆரம்பிச்சிருச்சு, எந்திரிடா" என்றேன். வகுப்பே உருண்டு உருண்டு சிரித்தது. எனக்கும் சந்தோஷமாக இருந்தது, பொய் சொல்வானேன். காலையில் விழிக்க மாட்டேன் என்று உட்கார்ந்திருக்கிற 47 பேரை ஒரே வரியில் விழிக்க வைத்தோமே என்று. மறுநாளிலிருந்து அதுதான் அவன் பெயர். ஆறாம் வகுப்புப் பொடியன்கள்கூட மைதானத்தில் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

இத்தனைக்கும் அவன் ஆய்வகத்தில் ஒருநாளும் தூங்கியதில்லை. பெர்மாங்கனேட் டைட்ரேஷனில் அந்த இளஞ்சிவப்பு வருகிற சொட்டில் சரியாகப் பியூரெட்டை மூடுவான். மற்றவர்கள் கத்தரிப்பூ நிறம் வரும்வரை ஊற்றிவிட்டு ரீடிங்கை என்னிடமே கேட்பார்கள். செய்முறைக்கு இருக்கிற 20-ம் அவனுக்கு வந்துவிடும். ஒருநாள் பக்கத்தில் நின்றபோது அவன் விரலில் மல்லிகை வாசம். "யாருக்குடா பூ வாங்கினே?" என்றேன். அதற்கும் எல்லோரும் சிரித்தார்கள்.

அவன் பூ வாங்கவில்லை. பறித்துவிட்டு வந்திருக்கிறான்.

சீட்டு வந்த அடுத்த வாரம் பெற்றோர் கூட்டத்துக்கு அவன் அம்மா வந்திருந்தார். நானாக எதுவும் கேட்கவில்லை. அவராகவே, "மூணு மணிக்கெல்லாம் தலையில லைட்டக் கட்டிக்கிட்டு எங்கூடப் பூக்காட்டுக்கு வந்துருவான் சார், விடியுறதுக்குள்ள மொட்டுப் பறிச்சாத்தான் விலை. பள்ளியோடம் மட்டும் ஒருநாள் விட மாட்டான்" என்றார். அடுத்த வருடம் காலேஜில் சேர்ந்தால் மாதம் 1000 ரூபாய் வருமாமே, உண்மையா என்று விசாரித்தார். உன் கோயம்புத்தூரில் வைத்துப் போன வருடம் தொடங்கினார்களே, தமிழ்ப் புதல்வன் திட்டம், அதைத்தான் கேட்கிறார். உண்மைதான் அம்மா, ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவன், கிடைக்கும் என்றேன். அதற்கு மேல் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

23 வருடச் சர்வீஸ், சேகர். நிலக்கோட்டையில் இருந்துகொண்டு, சந்தைக்குப் போகிற பூ மூட்டைகளைத் தினமும் பார்த்துக்கொண்டு, "ஏன்டா தூங்குறே?" என்று ஒருதடவை கேட்கவில்லை. அதைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்க இரண்டு நிமிடம் போதும். எனக்குச் சிரிப்பு மூட்டத்தான் நேரம் இருந்திருக்கிறது.

மறுநாளே வகுப்பில் மன்னிப்புக் கேட்டுவிடுவது என்று கிளம்பினேன். தலைமை ஆசிரியை நிறுத்தினார். "நீங்க பெரிய மனுஷனா ஆயிருவீங்க. மத்த 46 பேரும் திரும்பி அவனைப் பார்ப்பாங்க. சீட்டுப் போட்டது யாருன்னு ஊருக்கே தெரிஞ்சிரும். அதுக்கா பெட்டி வெச்சோம்?" என்றார். அவனைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லலாம் என்றால், கையெழுத்து பிடிபட்டுவிட்டது என்று அவனுக்குத் தெரிந்துவிடும். பிறகு அவனோ வேறு யாருமோ அந்தப் பெட்டிப் பக்கம் வருவார்களா? இதைவிடப் பெரிய விஷயம் எழுத வேண்டிய பிள்ளை ஒன்று எங்கேயோ உட்கார்ந்திருக்கலாம், அதுவும் வராது.

ஆகவே வருகைப் பதிவேட்டில் இருக்கிறபடி எல்லோரையும் முழுப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தேன். ஒரு வாரம் சிரித்தார்கள், இப்போது பழகிவிட்டது. கால அட்டவணை போடுகிறவரின் காலைப் பிடித்து என் பாடத்தை மதியத்துக்கு மாற்றிக்கொண்டேன். இரண்டாவது பீரியடில் இப்போது தமிழ் அம்மா இருக்கிறார். அவன் தூங்கினால் விட்டுவிடுங்கள் என்று மட்டும் அவரிடம் சொன்னேன், காரணம் சொல்லவில்லை.

ஆனால் பெயர் போகவில்லையே. நான் நிறுத்திவிட்டேன், பையன்கள் நிறுத்தவில்லை. போன புதன்கிழமை சைக்கிள் நிறுத்துமிடத்தில் ஒருவன் அந்தப் பெயரைச் சொல்லிக் கத்தினான். இவன் திரும்பிப் பார்த்து, "வர்றேன்டா" என்றான். சர்வசாதாரணமாக. அந்த "வர்றேன்டா" என்னை இரண்டு நாள் தூங்கவிடவில்லை. ஏனென்றால் அதே மாதிரி ஒரு "வர்றேன்டா"வை நான் கேட்டிருக்கிறேன்.

ஒன்பதாம் வகுப்பு, ஐப்பசி மழை. உங்கள் வீட்டில் குடை இல்லை. அரிசி ஆலைச் சாக்கைத் தலையில் கொங்காணியாகப் போட்டுக்கொண்டு நீ வாசலில் நின்றாய். நம் சரித்திர வாத்தியார், "மூட்டை வந்திருச்சு, இறக்கி வைங்கடா" என்றார். நான்தான் முதல் பெஞ்சில் உட்கார்ந்து முதலில் சிரித்தேன். உன் அப்பா அதே ஆலையில் மூட்டை தூக்கினார் என்பது வகுப்பில் எனக்கு மட்டும்தான் தெரியும். தெரிந்தும் சிரித்தேன். பிறகு மைதானத்திலும், ஹாஸ்டலிலும், உன் கல்யாணத்தில் மைக்கைப் பிடித்தும் அப்படியே கூப்பிட்டேன். நீ ஒருதடவைகூட முகம் சுளிக்கவில்லை. அதனால் உனக்கும் அது பிடித்திருக்கிறது என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

ஆனால் பத்தாம் வகுப்பு குரூப் போட்டோவில் நீ இல்லை. வயிற்றுவலி என்றாய். அன்று சாயங்காலம் வாய்க்கால் பாலத்தில் உட்கார்ந்து என்னோடு பாதி நெல்லிக்காய்ப் பொட்டலம் தின்றாய். போட்டோவுக்குக் கீழே எழுத நம் வாத்தியார் எல்லோருடைய பட்டப் பெயரையும் கேட்டு வாங்கிக்கொண்டிருந்தாரே, அதுவா காரணம்?

உண்மையைச் சொல். "அதெல்லாம் ஒன்றுமில்லைடா" என்று எழுதினால் நம்ப மாட்டேன். உன் பள்ளி கவுன்சிலரிடமும் ஒன்று கேட்டுச் சொல்: ஒரு வாத்தியார் வைத்த பெயரை, அந்தப் பிள்ளையைக் காட்டிக் கொடுக்காமல், வகுப்பிலிருந்து எடுப்பது எப்படி? செப்டம்பரில் காலாண்டு. அதற்கு முன்னால் ஏதாவது செய்ய வேண்டும் என்று இருக்கிறது. ஆவணி முகூர்த்தம் வேறு தொடங்கிவிட்டது, பூ விலை ஏறும், அவன் இன்னும் சீக்கிரம் எழுந்திருப்பான்.

போன வெள்ளிக்கிழமை மறுபடி பெட்டியைத் திறந்தோம். ஆறு சீட்டு. ஒவ்வொன்றையும் பிரிக்கும்போது என் கை வியர்த்தது. தாழ்ப்பாள் போட்டதற்கு நன்றி என்று ஒன்று. கணக்கு சார் இன்னும் திருந்தவில்லை என்று இரண்டு. என்னைப் பற்றி எதுவும் இல்லை. நல்லதா கெட்டதா என்று புரியாமல் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

உறையின் மேல் முழுப் பெயரை எழுதியிருக்கிறேன். உன் வீட்டில் யாருக்கோ வந்தது என்று திருப்பி அனுப்பிவிடப் போகிறார்கள், சொல்லி வை.

உன்,
முருகேசன்