எருக்கம்பால் கண்ணில் பட்டால்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பிள்ளையார் சதுர்த்திக்கு முந்தின நாள், 'சும்மா கிடைக்கிற பூவுக்கு எதற்குக் காசு' என்று என் மருமகன் தேவனாம்பட்டினம் கடற்கரையோரம் போய் எருக்கம்பூ பறித்துவந்தார். காம்பில் வடிந்த பால் விரலில் பிசுபிசுத்திருக்கிறது. அதே விரலால் கண்ணைத் தேய்த்துவிட்டார். வலி அதிகமில்லை. ஆனால் பொழுது சாய்வதற்குள் கண்முன் புகை மூட்டம் மாதிரி பார்வை மங்கிவிட்டது. சொட்டு மருந்து போட்டுத் தெளிய இரண்டு வாரம் ஆனது.

தார் பாலைவனத்தில் எருக்கின் இன்னொரு இனம் தானாகவே மண்டிக் கிடக்கும். இங்கே கடலூர் மணலிலும் எருக்கு தண்ணீர் கேட்பதில்லை, ஆடுமாடும் பெரும்பாலும் வாய் வைப்பதில்லை. எங்கள் பாட்டி பழுத்த இலையை வதக்கித் துணியில் சுற்றி முழங்காலுக்கு ஒத்தடம் கொடுப்பார். தண்டு நாரைத் திரித்துத் தூண்டில் கயிறு செய்த காலமும் உண்டு. நைலான் வந்தது, அது போயிற்று. ஆனால் இலை பறித்த கையைச் சாம்பல் போட்டுக் கழுவாமல் பாட்டி எங்களைத் தொடமாட்டார்.

இப்போது கைப்பேசி வீடியோக்களில் மருவுக்கு எருக்கம்பால் வைக்கச் சொல்கிறார்கள். கண்ணைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. சதுர்த்திக்கு முன்பாவது தங்கள் நாளிதழ் ஒரு கட்டம் கட்டி வெளியிடலாம்: பால் பட்டால் உடனே நிறையத் தண்ணீரில் கழுவி, கண் மருத்துவரிடம் ஓடுங்கள் என்று.

அப்புறம், பயந்துபோய் செடியை வேரோடு பிடுங்கவும் வேண்டாம். வெந்தய வரியன் பட்டாம்பூச்சியின் புழு அந்த இலையைத் தின்றுதான் வளர்கிறது.

- வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்